தவளக்குப்பத்துக் குருவாசான்

1

போன மாதம் ஒரு வயதான அம்மாள், முந்தின நாள் வாங்கிய குருவாசான் என்கிற பிறை ரொட்டிப் பையைத் திருப்பிக்கொண்டு வந்தார். பாரீஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு புறநகரில், சூப்பர் மார்க்கெட்டின் ரொட்டிப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். அந்த அம்மாள் ஒரு குருவாசானை இரண்டாகப் பிய்த்து என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்கள், முசியே. இதில் வெண்ணெய் எங்கே இருக்கிறது?"

மோந்து பார்த்தேன். மாவு வாசனை வந்தது. லேசாக எண்ணெய் வாசனையும் வந்தது. அவர் வாங்கியது விலை குறைந்த பத்து உருப்படிப் பை. அதில் வெண்ணெய் கிடையாது என்று பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் பொடி எழுத்தை இந்த வயதில் அவர் எப்படிப் படிப்பார்? பேசாமல் வெண்ணெய் போட்ட வகையிலிருந்து நாலை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகும் பிய்த்த பாதி என் கையில் இருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டியது. எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துத் தவளக்குப்பம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில்தான் என் தங்கை மகள் நந்தினி இதே பண்டத்தைச் சுட்டு விற்றாள். அந்த அம்மாள் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

2

ஊரில் இருக்கிறவர்கள், பிரான்சில் எல்லோரும் விடிந்ததும் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சூடான குருவாசான் வாங்கித் தின்கிறோம் என்று நினைக்கிறார்கள். அப்படித் தின்கிறவர்களும் உண்டு. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் பை குருவாசான்தான் தின்கிறோம். பிளாஸ்டிக் பையில் இருப்பது ஒரு வாரம் ஆனாலும் மெத்தென்றே இருக்கும்; அதுதான் அதன் குறையும். நல்ல குருவாசானைக் கடித்தால் மேல்தோல் நொறுங்கி மடியெல்லாம் உதிர வேண்டும். உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள் இருக்க வேண்டும். தின்று முடித்த பிறகு விரலில் வெண்ணெய் வாசனை நிற்க வேண்டும். பை குருவாசானில் இந்த மூன்றும் கிடையாது. வளைத்துச் சுட்ட பன்னு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அதற்கு ஒரு படி மேல், நாங்கள் கடையிலேயே சுடும் வகை. சுடுவது மட்டும்தான் நாங்கள். மாவு பிசைவது, வெண்ணெய் வைத்து மடிப்பது, உருட்டுவது எல்லாம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் நடக்கிறது. பனிக்கட்டியாக உறைந்து அட்டைப் பெட்டியில் வரும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் தட்டுகளில் அடுக்கி, உப்ப விட்டு, அடுப்பில் தள்ளி, பொன்னிறம் வந்ததும் எடுத்து அடுக்குவது என் வேலை. கடை திறக்கும்போது வாசனை வாசல் வரை போகும். வருகிறவர்கள், உள்ளே யாரோ இரவெல்லாம் மாவு பிசைந்திருக்கிறார் என்று நம்பி வாங்குவார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்தது கல்யாணத்தின் வழியாக. எங்கள் ஊர் பாகூரில் எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. என் மனைவி ரேணுகாவின் ஊர் வில்லியனூர். அவள் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. அவரால் அவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அவளால் எனக்கு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்ணின் நகையைவிட அவளுடைய நேஷனாலிட்டியைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். நானும் அப்படிக் கரையேறியவன்தான். அதனால் என் தங்கை கலா தன் மகளுக்கும் அதே வழியைக் கனவு கண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அண்ணன் மகன் முறைமாப்பிள்ளை, பிரான்சில் பிறந்தவன். இதைவிட என்ன வேண்டும்?

3

என் மகன் பெயர் அருண். இங்கே எல்லோரும் 'ஆருன்' என்பார்கள். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். லியோனில் வேலை. கிளாரா என்ற பெண்ணோடு வாழ்கிறான். அவளை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்துவிட்டான். ரேணுகாவுக்கு அவளைப் பிடித்தும் போய்விட்டது.

இதை நான் கலாவிடம் மறைக்கவில்லை. கிளாரா விஷயம் தெரிந்த வாரமே போனில் சொன்னேன். "அங்க எல்லாரும் அப்படித்தான்ணா இருப்பாங்க. கல்யாணமா பண்ணிக்கினாங்க?" என்றாள்.

"இல்ல. ஆனா பண்ணிக்குவாங்க கலா. நீ நந்தினிக்கு வேற எடம் பாரு."

"சரி சரி. வூடு கட்டி முடிச்சிட்டோம். கிரகப் பிரவேசத்துக்கு நீ வரணும். அருணையும் கூட்டினு வா. சின்ன வயசுல பாத்தது."

இதில் நான் என்ன மறுப்பது? அருணுக்கும் அத்தை வீட்டைப் பார்க்க ஆசைதான். ரேணுகாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

அருணின் தமிழைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்டால் பாதி புரியும். பேச வேண்டுமென்றால் பிரெஞ்சில் நினைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் தேடி வைப்பான். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் ஓடிப்போய், "பைத்தியம் ரொம்பச் சூடாகிவிட்டது" என்று சொன்னவன். பிரெஞ்சில் அடுப்புக்கு 'ஃபூர்', பைத்தியத்துக்கு 'ஃபூ'. அவர்கள் ரகரத்தைத் தொண்டையில் மெல்ல உரசுவார்கள்; நான் அதை முழுசாக விழுங்கிவிட்டேன். முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன், அதோடு போயிற்று. எல்லாத் தவறும் அப்படிச் சிரிப்போடு போய்விடுவதில்லை.

4

கலாவின் வீடு பாகூருக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டி. இரண்டு மாடி, வெளிர்பச்சை பெயின்ட். கிரகப் பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. அருண் வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, ஹோமப் புகையில் கண் கசிய உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. மச்சான் வேல்முருகன், கலாவின் கணவர், அதிகம் பேச மாட்டார். அவரே அவன் இலையில் இரண்டாம் தடவை வடை வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்து பார்த்தால் கூடத்தில் பாய் விரித்து உறவுக்காரர்கள் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பெரியப்பா மகன் சேகர் வெள்ளை வேட்டியில் நடுவே. நந்தினி பட்டுப்புடவையில், ஒரு பெரிய எவர்சில்வர் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். தட்டு நிறைய குருவாசான். அவள் வேலை செய்யும் கடையில் கலா முந்தின நாளே சொல்லி வைத்து, நந்தினியே சுட்டு எடுத்துக்கொண்டு வந்தது. பிரான்சிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு இட்லி வைத்தால் எப்படி என்று கலாவுக்குத் தோன்றியிருக்கிறது.

கலா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள். ஒரு தாம்பாளத்தில் மல்லிகைப் பந்து, பழம், ஒரு அரக்குப் புடவை.

"அண்ணா, நீ வெறுங்கையோட வந்திருக்கேன்னு தெரியும். மாப்ள வூட்டு சார்பா நானே வாங்கி வச்சிட்டன். நீ குடுக்கிற மாரி குடு. பூ மட்டும் வச்சிடலாம். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

"கலா, நான்தான் போன்லயே சொன்னேனேம்மா..."

"போன்ல சொன்னது போன்லயே இருக்கட்டும். நேத்து அவன் எவ்ளோ நல்லா பழகுனான், பாத்தல்ல?"

அப்போது கூடத்தில் பேச்சு அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். அருண் ஒரு குருவாசானைக் கடித்து மென்றுகொண்டிருந்தான். எதிரே தட்டோடு நந்தினி. அவளிடம் சகஜமாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறான். சிரித்த முகத்தோடு, தேடித் தேடிச் சொன்னான்.

"இது... பொய்."

சேகர் என் பக்கம் திரும்பினான். "இன்னாடா சொல்றான் உம் புள்ள? எது பொய்யாம்?"

அருணுக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. அவசரமாகச் சரிசெய்யப் பார்த்தான். "இல்ல, இல்ல. நல்லா இருக்கு. ஆனா பொய்."

பிரெஞ்சில் 'ஃபோ' என்றால் பொய்யும் அதுதான், போலியும் அதுதான். இது அசல் குருவாசான் இல்லை, கடைச் சரக்கு என்று சொல்ல வந்தான். போலி என்ற சொல்லை நான் அவனுக்கு எப்போதும் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே வந்ததில்லை.

கலா தாம்பாளத்தோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். "எது பொய்? நா பொய்யா? எம் பொண்ணு பொய்யா?"

நான் விளக்கினேன். பிரெஞ்சில் இப்படி, தமிழில் அப்படி என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டொருவர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். வேல்முருகன், "சரிப்பா, பன்னத்தான சொன்னான்" என்றார். அந்த இடத்தில் எல்லாம் அமுங்கிப் போயிருக்கும். கலா விடவில்லை. "தின்றது பொய்யா இருந்துட்டுப் போவட்டும். வாண்ணா, பூவ வச்சிடலாம்" என்று தாம்பாளத்தை என் கையில் திணித்தாள்.

அருண் என்னிடம் பிரெஞ்சில் கேட்டான்: "அப்பா, என்ன பூ? எதற்கு?"

சொன்னேன். வேறு என்ன செய்வது? அவன் மீதிக் குருவாசானை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். என்னிடம் சொல்லாமல் நேராக அத்தையிடமே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

"அத்தை, மன்னிச்சிடுங்க. எனக்கு கிளாரா இருக்கு."

5

அதன் பிறகு நடந்ததை முழுக்க எழுத மனமில்லை. கலா கத்தவில்லை. தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கி, புடவையை எடுத்து மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். நந்தினி குருவாசான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. அன்று பூராவும் கலா எங்களுக்குச் சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை நான் மட்டும் பஸ் ஏறித் தவளக்குப்பம் போனேன். கடலூர் ரோடு சந்திப்பில் எப்போதும் போல நெரிசல். நந்தினி வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட் புதிதாகக் கட்டியது. உள்ளே கடைசியில் ரொட்டிப் பிரிவு. அவள் தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. அட்டைப் பெட்டியைக் கிழித்து உறைந்த மாவுப் பிறைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் தட்டு, அந்த இடைவெளி, அடுக்கி முடித்ததும் தட்டை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்குவது: எல்லாம் நான் தினம் செய்வது.

"வாங்க மாமா" என்றாள். "நேத்து அவரு சொன்னது கரெக்ட்டுதான். வெளிய பட்டர் கிராய்சன்ட்டுன்னு பேரு. பொட்டியத் திருப்பிப் படிச்சா பட்டரே இல்ல, வெஜிடபிள் ஃபேட். அதுலயும் கரன்ட் போயிப் போயி வருது. ஃப்ரீசர்ல உருகி உருகி உறையுது. அப்பறம் எங்க அது லேயர் லேயரா வரும்?"

"எங்க கடையிலயும் வெல கம்மியா இருக்கறது இதே கதிதாம்மா."

"உங்க கடையிலயா? நெசமா அங்க இன்னா வேல மாமா பண்றீங்க?"

"இதேதான். பொட்டியப் பிரிச்சு, அடுக்கி, சுட்டு எடுக்கறது."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பேக்கரில வேலன்னு எப்பவோ சொன்னேன். அவ என்ன நெனச்சாளோ."

"இந்த வேலைக்கா மாமா அவ்ளோ தூரம் போனீங்க?"

அவள் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்ப தவளக்குப்பத்துல இது இல்லியேம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கே அந்தப் பதில் போதவில்லை. எங்கள் கொல்லை இருந்தது, அம்மா அப்பா இருந்தார்கள், கலா இருந்தாள். அம்மா செத்தபோது மூன்றாம் நாள்தான் நான் வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு அதுவும் முடியவில்லை. இதையெல்லாம் ரொட்டிப் பிரிவில் நின்று ஒரு பெண்ணிடம் சொல்ல முடியுமா?

"நீ மனசு கஷ்டப்பட்டியா நந்தினி?"

"எனக்கு அவர கட்டிக்கணும்னு இல்ல மாமா. என்ன யாரும் கேக்கல. அவ்ளோ பேரு எதிர்ல நா சுட்டத பொய்யின்னாரு பாருங்க, அதுதான் ஒரு மாரி ஆயிடுச்சி." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஃப்ரீசர் ரிப்பேருக்கு மூலக்குளம் கம்பெனிலருந்து ஒருத்தர் வருவாரு. பாலான்னு பேரு. வில்லியனூர்லதான் அவங்க வூடு. அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்றீங்களா? தாய்மாமன் சொன்னா கேப்பாங்க."

அந்த நேரத்தில் என் சொல்லுக்குக் கலாவிடம் என்ன மதிப்பு இருந்தது! இருந்தாலும் அன்று சாயந்திரமே சொல்லிப் பார்த்தேன். கலா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எம் பொண்ண எங்க குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். நீ உம் புள்ள கல்யாணத்தப் பாரு" என்றாள். பூ வைப்பது நின்ற பிறகு அந்தப் பயணத்தில் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். கிளம்பும்போது வேல்முருகன் மட்டும் வாசல் வரை வந்தார்.

6

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கலா என் போனை எடுக்கவில்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அவள் பிறந்த நாளுக்கு அடிப்பேன். மணி அடித்து ஓய்ந்துவிடும். அருண் ஒரு தடவை தமிழில் எழுதிய மன்னிப்பை எனக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டான். திருத்தி அனுப்பினேன். அத்தையிடமிருந்து பதில் வரவில்லை என்றான். அவனுக்கு அத்தை என்று இருந்தது ஒருத்திதான். இப்போது பாகூர்ப் பேச்சு எடுத்தாலே அவன் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான்.

நந்தினி மட்டும் எப்போதாவது குரல் செய்தி அனுப்புவாள். பாலா வீட்டில் வந்து பேசியதையும், அம்மா முதலில் முடியாது என்றதையும், அப்பா ஒரு நாள் வாயைத் திறந்து "அந்தப் பையன் நல்ல பையன்" என்று சொன்ன பிறகு அம்மா இறங்கி வந்ததையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது செய்தி வந்தது: "மாமா, வில்லியனூர்ல மண்டபம். பத்திரிகையில உங்க பேரு போட்டாச்சு. நீங்க வந்துதான் எனக்கு மால போடணும். அம்மா கூப்புடலன்னு இருந்துடாதீங்க."

பத்திரிகையில் பெயர் போட்டது கலாவுக்குத் தெரியாமல் நடந்திருக்காது. அன்று நான் வேலையில் பாட்டுக்கூடப் பாடினேன்.

டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோதுதான் என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருப்பது தெரிந்தது. இங்கே அதற்கு மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் முன்பதிவு வேண்டும். பக்கத்து ஊர்கள் எதிலும் நாள் இல்லை. எங்கோ ரயில் மாறிப் போகிற ஊரில் ஒரு நாள் கிடைத்தது. போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் போட்டோவைப் பார்த்து, நெற்றியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, மெஷின் ஏற்காது என்றார். வெள்ளிக்கிழமை எடுத்த போட்டோ, விபூதி. அங்கேயே காசு போட்டால் படம் எடுக்கும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து வேறு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எத்தனை நாளாகும் என்றதற்குத் தோளைக் குலுக்கினார். தங்கை மகள் கல்யாணம் என்றேன். நெருங்கிய உறவினர் மரணம், மருத்துவ அவசரம் என்றால் விரைவாகத் தருவோம், கல்யாணத்துக்கு இல்லை என்றார். தாய்மாமன் என்றால் என்ன என்பதை நான் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? 'அம்மாவின் சகோதரன்' என்றேன். "ஆமாம், புரிகிறது" என்றார் மரியாதையாக.

பாஸ்போர்ட் வரவில்லை. சேகருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "கலாகிட்ட சொல்றன்டா. அவ நம்பணுமே" என்றான். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல" என்றான்.

7

முகூர்த்தம் அங்கே ஒன்பது மணிக்கு மேல். இங்கே அப்போது விடியற்காலை. விடுப்பு கேட்டிருந்தேன், கூட வேலை செய்கிறவருக்கு உடம்பு சரியில்லாததால் கிடைக்கவில்லை. கல்யாணத்தை நேரில் பார்க்கப் போவதில்லை, போனில்தானே என்று மேலாளருக்குத் தோன்றியிருக்கும். மாவுப் பெட்டிகள் வைக்கும் அறையில், ஒரு பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். சேகரின் மகள் மணவறைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாதஸ்வரம் போனின் சின்ன ஒலிபெருக்கியில் கரகரத்தது. ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். எனக்குப் பதில் சேகர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். நந்தினி குனிந்தாள். அவன் நெற்றியில் பட்டம் கட்டி மாலை போட்டான். நன்றாகத்தான் செய்தான். அவன்மேல் எனக்குப் பிரியம்தான் வந்தது. அவனுக்குப் பின்னால் அரை முகம் தெரிய கலா நின்றிருந்தாள். அவள் தலை இவ்வளவு நரைத்திருந்தது எனக்குத் தெரியாது.

அடுப்பு கூவியது. உள்ளே இரண்டு தட்டு நிறைய குருவாசான். ஒரு நிமிடம் விட்டால் கருகிவிடும். ஓடிப்போய் எடுத்தேன். ஒரு தட்டு சிக்கிக்கொண்டது, அதைச் சரிசெய்தேன். அதற்குள் மேலாளர் வந்து பாகெத் ரொட்டி ஏன் இன்னும் வைக்கவில்லை என்று கேட்டார். வைத்துவிட்டு வந்து பெட்டியின் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தேன்.

போனில் நந்தினி இல்லை, பாலா இல்லை. மணவறைப் பந்தலின் மேல்துணி மட்டும், மஞ்சளும் சிவப்புமாக. சேகரின் மகள் போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டு அட்சதை போடப் போயிருக்க வேண்டும். கெட்டிமேளம் ஓய்ந்து பேச்சுச் சத்தமாக இருந்தது. தாலி கட்டியாகிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கலாவின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. "அண்ணன் லைன்ல இருக்குதா?"

"இருக்கேன் கலா!" என்றேன். "இருக்கேன்மா, இதோ இருக்கேன்!" இந்த அறையில் ஃப்ரீசர் இரைச்சல், அங்கே கூட்டத்தின் இரைச்சல். நான் எவ்வளவு கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பெரிப்பாவ ஆளே காணோம் அத்தை, வெறும் ரூம்புதான் தெரிது. எழுந்து போயிட்டாரு போல" என்றது சேகர் மகளின் குரல். அவள் போனை எடுத்ததில் பந்தல் துணி ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போதுதான் நான் முகத்தைத் திரைக்கு நேரே கொண்டுபோனேன்.

"அதுக்கு வேல இருக்கும், வுடு" என்றாள் கலா. அவள் குரலில் கோபம் இல்லை. "பந்திக்கு நேரமாவுது, எல்லாரையும் கூப்புடு."

திரை இருண்டது. நான் திரும்ப அடித்தேன். பந்தி நேரம், யாரும் எடுக்கவில்லை.